அரிசி மூட்டையும் வேதாகமப் பள்ளியும்: ஒரே கணக்கில் வரும் வெளிநாட்டு நன்கொடை

புது தில்லி: வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் ஆண்டுதோறும் மத்திய உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்டப் பயன்படுத்திவந்த பழைய படிவத்தில், பணம் எதற்காகச் செலவிடப்பட்டது என்பதைக் குறிக்க நீண்ட பட்டியல் ஒன்று இருந்தது. இயற்கைச் சீற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம், குழந்தைகள் நலம், கிராம மேம்பாடு, தொழுநோயாளர் மறுவாழ்வு என்று நீளும் அந்தப் பட்டியலிலேயே சமய போதகர்களின் கல்வி, அவர்களது பராமரிப்பு, சமய நூல் வெளியீடு ஆகிய இனங்களும் இடம்பெற்றிருந்தன. அதாவது, வெளிநாட்டுப் பணத்தில் வெள்ள நிவாரணம் வழங்குவதும் போதகர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் கணக்குக் காட்டப்பட வேண்டிய, ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட செலவுகள் என்பதை அரசே அச்சிட்டு வழங்கிய தாள் ஒப்புக்கொண்டிருந்தது.

அந்த இரண்டையும் ஒரே அமைப்பு ஒரே கணக்கில் செய்தால் என்ன நினைப்பது என்பதில்தான் சிக்கல். கடந்த சுமார் பத்தாண்டுகளில் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களுக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் இடையே நடந்துவரும் இழுபறியைக் கூர்ந்து கவனித்தால், வழக்குகள், அறிவிப்புகள், நாடாளுமன்ற விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் இந்த ஒரு கேள்வியே இருப்பது புலப்படும். ஆனால் அதற்கு நேரடியான விடை இதுவரை யாராலும் தரப்படவில்லை.

பசியும் போதனையும்

அயல்நாட்டுத் திருச்சபைகளின் உதவி அமைப்புகளுக்கு, நிவாரணமும் திருச்சபைத் தலைவர்களுக்கான பயிற்சியும் தனித்தனி வேலைகள் அல்ல. அவர்களது கணக்கு எளிமையானது. புயலோ, வறட்சியோ, கலவரமோ நேரும்போது நகரத்திலிருந்து வண்டி போய்ச் சேருவதற்கு முன்பே அந்தக் கிராமத்தில் இருப்பவர் உள்ளூர்ச் சபையின் ஊழியர். எந்த வீட்டில் விதவை இருக்கிறார், எந்த வீட்டுக் குழந்தை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நிவாரணப் பணி முடிந்து வெளியூர்க்காரர்கள் புறப்பட்டுப் போன பின்னும் அவர் அங்கேயே இருப்பார். ஆகவே அவருக்குக் கல்வி அளித்து, மாதம் ஒரு சிறு தொகை கொடுத்துத் தாங்குவதே நீண்டகால நிவாரணத்துக்கான முதலீடு என்று அவர்கள் கருதுகின்றனர்.

இதே கணக்கை எதிர்த்தரப்பும் போடுகிறது. விடை மட்டும் வேறு. பசித்தவனின் வாசலுக்கு முதலில் வந்து சேருபவர் போதகராக இருப்பதும், அவரது கையில் அரிசி மூட்டை இருப்பதும் ஆசை காட்டுதலின் வேறு பெயரே என்பது அவர்களது வாதம். இந்த வாதத்துக்குத் தமிழகத்திலேயே பழைய சான்று உண்டு. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பகுதியில் ஏராளமானோர் திருச்சபைகளில் சேர்ந்தனர். அவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். கஞ்சித் தொட்டி வைத்தவர்களைத் தவிர வேறு எவரும் தங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அந்த மக்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை என்பது மறுதரப்பு. இரு தரப்பும் அன்று சொன்னதையே ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

போதகர் பயிற்சி என்ற ஏற்பாடும் புதியதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் தொடங்கிய மிஷன், 1733-இல் ஆரோன் என்ற தமிழரைக் குருவாக நியமித்தது. வங்காளத்தின் செராம்பூரில் 1818-இல் நிறுவப்பட்ட கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் மன்னர் அளித்த சாசனம் பட்டம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்தச் சாசனத்தின் வழிவந்த இறையியல் பட்டங்களையே இந்தியாவின் பல குருமடங்கள் இன்றும் வழங்குகின்றன.

வெளிநாட்டுப் பணம் இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்று சொன்னவர்களும் திருச்சபைக்குள்ளேயே இருந்தனர் என்பது இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமும், 1905 டிசம்பரில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் தோன்றின. இரண்டிலும் முன்னின்றவர், பின்னர் 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது தேசிய மிஷனரி சங்கத்தின் கொள்கை. அந்த வழியையே எல்லோரும் பின்பற்றியிருந்தால் உள்துறை அமைச்சகத்துக்கு இந்த விவகாரத்தில் வேலையே இருந்திருக்காது.

அவையில் நடந்தது

அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் சமயத்தைப் 'பரப்பும்' உரிமை இடம்பெறலாமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடும் விவாதம் நடந்தது. அந்தச் சொல்லே வேண்டாம் என்றவர்களுக்குப் பதில் அளித்தவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, கே. சந்தானம், எல். கிருஷ்ணசாமி பாரதி ஆகிய தமிழகத்தவரும் இருந்தனர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் படித்த தம்மை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று டி.டி.கே. எடுத்துரைத்தார். சமூகம் கொடுக்க மறுத்த மதிப்பு வேறு இடத்தில் கிடைப்பதால்தான் தாழ்த்தப்பட்ட மக்கள் அங்கே போகின்றனர் என்ற பொருள்படவும் அவர் பேசினார். 'பரப்பும்' என்ற சொல் நிலைத்தது.

ஆனால் ஐயம் நீங்கவில்லை. அன்றைய மத்தியப் பிரதேச அரசு 1954-இல் ஓய்வு பெற்ற நீதிபதி நியோகி தலைமையில் அமைத்த குழு, 1956-இல் அளித்த அறிக்கையில், மதமாற்றத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டை விட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் ஒரிசா 1967-இலும் மத்தியப் பிரதேசம் 1968-இலும் மதமாற்றத் தடைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. பரப்பும் உரிமையில் ஒருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல், மக்களவைத் தேர்தல் முடிவு வந்த சூட்டோடு, விலக்கிக்கொள்ளப்பட்டது நினைவிருக்கலாம்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பிறந்த கதை வேறு. 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், அரசியல் கட்சிகளும் மக்கள் பிரதிநிதிகளும் வெளிநாட்டுப் பணத்துக்கு விலை போகக் கூடாது என்பதற்காக அது இயற்றப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1984-இல்தான் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2006-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது 2010-இல் நிறைவேறி, 2011 மே 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில்தான் வந்தது. இப்போது அமைச்சகத்தின் கையில் இருக்கும் கூர்மையான ஆயுதம் அதுவே. 2012-இல் கூடங்குளம் போராட்டத்தின்போது தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த அமைப்புகள் மீது இந்தச் சட்டம் பாய்ந்ததும் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில்தான். இன்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து இச்சட்டத்தைக் குறைகூறுவோர் இதைக் குறிப்பிடுவதில்லை.

அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவு கவனமாகப் படிக்கத்தக்கது. பதிவு கோரும் அமைப்பு, ஆசை காட்டியோ கட்டாயப்படுத்தியோ மதமாற்றம் செய்யும் நடவடிக்கைகளுக்காக வழக்குக்கு உள்ளாகியோ தண்டனை பெற்றோ இருக்கக் கூடாது என்று அது கூறுகிறது. வழக்கு அல்லது தண்டனை என்பதே அளவுகோல். போதகர் பயிற்சி நடத்துவதோ, தேவாலயத்தின் வழியே நிவாரணம் வழங்குவதோ தகுதியின்மை என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. நடைமுறையிலோ நீதிமன்றத்தை எட்டாத உளவுத் தகவல்களின் பேரிலும் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. சம்பந்தப்பட்ட அமைப்புக்கு அந்தத் தகவல் என்ன என்பதே தெரிவிக்கப்படுவதில்லை என்பது பரவலான புகார்.

கொலராடோவிலிருந்து வந்த பணம்

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பாஷன் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கொரியப் போரில் அநாதையான குழந்தைகளுக்காக 1952-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1968 முதல் இந்தியாவில் பணியாற்றியது. அமெரிக்காவில் ஒரு குடும்பம் மாதந்தோறும் பணம் அனுப்பும்; இந்தியாவில் பெயர் குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு உணவு, மருத்துவப் பரிசோதனை, மாலை நேரப் படிப்பு கிடைக்கும். இந்தப் பணியை அந்நிறுவனம் எங்கும் உள்ளூர்த் தேவாலயங்கள் வழியாக மட்டுமே செய்யும். அது அதன் அடிப்படைக் கொள்கை. வேதாகமப் போதனை உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

பதிவு பெறாத அமைப்புகளுக்குப் பணம் போகிறது, மதமாற்றத்துக்கு அது பயன்படுகிறது என்று குற்றஞ்சாட்டிய உள்துறை அமைச்சகம், 2016-இல் அந்நிறுவனத்தை முன் அனுமதி பெற வேண்டியோர் பட்டியலில் சேர்த்தது. அனுமதி வரவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழு இதற்கென்றே ஒரு விசாரணை நடத்தியது. இந்தியாவுடன் நெருக்கம் காட்டிவந்த ஒரு குழு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இப்படி அமர்ந்தது அரிது. தேவாலயங்களுக்குப் பதிலாகக் கிறிஸ்தவம் சாராத அமைப்புகள் வழியே பணத்தைச் செலவிடலாமே என்ற யோசனை தங்களிடம் முன்வைக்கப்பட்டதாகவும் நிறுவனத்தின் தரப்பில் கூறப்பட்டது. இது சட்ட அமலாக்கம் சார்ந்த விஷயம் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் பதிலளித்தது. 2017 மார்ச் 15-ஆம் தேதி கம்பாஷன் தன் இந்தியப் பணியை மூடியது. அப்போது அதன் உதவி பெற்றுவந்த குழந்தைகள் ஏறத்தாழ 1,45,000 பேர். 500-க்கும் மேற்பட்ட மையங்கள். ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர்.

அந்த யோசனையை நிறுவனம் ஏற்காததில் இரு தரப்பின் உண்மையான நிலையும் வெளிப்பட்டுவிட்டது. அரசுத் தரப்புக்குச் சோறு ஆட்சேபம் இல்லை. பரிமாறுபவர் யார் என்பதே ஆட்சேபம். நிறுவனத்துக்கோ சோறு போடுவது முதன்மை என்றாலும், தேவாலயம் பரிமாறாத சோற்றைப் போட அதன் கொள்கை இடம் தரவில்லை. நடுவில் இருந்த குழந்தைகளிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. மதமாற்றம் நடந்தது என்றால் எந்த மையத்தில், எந்தக் குழந்தைக்கு என்பதை அரசு நிறுவியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனைத்து மையங்களுக்கும் ஒரே பூட்டுப் போட்டது நிர்வாகத்துக்கு எளிது. நியாயம் என்று சொல்வது கடினம்.

ஐயத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேரளத்தின் திருவல்லாவைத் தலைமையிடமாகக் கொண்ட பிலீவர்ஸ் சர்ச்சும், அதனுடன் தொடர்புடைய, அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து இயங்கிய காஸ்பல் ஃபார் ஏசியா அமைப்பும் கே.பி. யோஹன்னான் உருவாக்கியவை. உள்நாட்டு ஊழியர் ஒருவரைத் தாங்க ஆகும் செலவு, மேலை நாட்டு மிஷனரி ஒருவருக்கு ஆவதில் மிகச் சிறு பங்கே என்பதுதான் அமெரிக்கத் தேவாலயங்களில் அவர் எடுத்துச் சொன்ன செய்தி. வேதாகமக் கல்லூரிகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள், குழந்தைகள் மையங்கள், கிணறுகள், கம்பளிகள் என எல்லாவற்றுக்கும் நிதி வந்தது. குறிப்பிட்ட பணிக்கென்று கொடுத்த பணம் அதற்குப் போகவில்லை என்று அமெரிக்க நன்கொடையாளர்களே வழக்குத் தொடுத்தனர். 2019-இல் 3.7 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. தவறு எதையும் அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை. களப்பணிக்கென்று தரப்பட்ட நன்கொடைகள் இறுதியில் களத்துக்கே அனுப்பப்பட்டன என்பதும் அந்த உடன்பாட்டில் இடம்பெற்றது. இந்தியாவில் பிலீவர்ஸ் சர்ச் உள்ளிட்ட அதன் தொடர்புடைய அமைப்புகளின் பதிவுகள் 2017-இல் ரத்தாயின. யோஹன்னான் 2024 மே மாதம் டெக்சாஸில் சாலை விபத்தில் காயமடைந்து காலமானார்.

இந்த வகை அமைப்புகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. நிதி திரட்டும் நாட்டில் ஒரு மொழி, நிதி செலவாகும் நாட்டில் இன்னொரு மொழி. அங்கே எத்தனை புதிய சபைகள் நிறுவப்பட்டன என்று எண்ணிக்கை சொல்லி நன்கொடை கேட்பவர்கள், இங்கே எத்தனை குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தனர் என்று மட்டும் கணக்குத் தருகின்றனர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அங்கே சொன்னது இங்கே எட்டாது என்ற காலம் போய்விட்டது. ஓர் அமைப்பின் நன்கொடை வேண்டுகோளை தில்லி அதிகாரி தம் மேசையிலிருந்தே படித்துவிட முடிகிறது.

ஸ்டெயின்ஸின் முகாம்

இந்த இரட்டைப் பணியின் மிகத் துயரமான பக்கம் ஒரிசாவில் எழுதப்பட்டது. மயூர்பஞ்ச் மாவட்டத்தின் பரிபடாவில் தொழுநோயாளர் இல்லத்தைப் பல ஆண்டுகள் நடத்திவந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூருக்குச் சென்றது அங்குள்ள கிறிஸ்தவர்களுக்காக ஆண்டுதோறும் நடந்த முகாமில் பங்கேற்கத்தான். சமயப் போதனையும் உரையாடலும் அங்கு நடப்பது வழக்கம். ஜனவரி 22 நள்ளிரவில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரும் இரு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்டனர்.

அவரது மனைவி கிளாடிஸுக்கு 2005-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தொழுநோயாளர் இல்லத்தைத் தேசம் அங்கீகரித்தது. முகாமைப் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011 ஜனவரி 21-இல் உறுதி செய்த, நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அமர்வு, ஸ்டெயின்ஸின் சமய நடவடிக்கைகளுக்காக அவருக்குப் பாடம் கற்பிப்பதே கொலையாளிகளின் நோக்கம் என்ற பொருள்பட எழுதிய வரிகள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. நான்கே நாள்களில் அந்த வரிகளை நீதிமன்றம் தானாகவே மாற்றியது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைத் திருத்த மசோதா மீதான மக்களவை விவாதத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் ஸ்டெயின்ஸின் பெயரை மீண்டும் இழுத்துப் பேசியது மற்றொரு சர்ச்சையானது. மறைந்து 21 ஆண்டுகள் ஆன ஒருவர், மசோதாவின் எந்தப் பிரிவிலும் இல்லாதவர், அவையில் விவாதப் பொருளானார்.

வெட்டப்பட்ட வாய்க்கால்

அந்தத் திருத்தம்தான் இன்றைய நிலைமையைத் தீர்மானித்தது. செப்டம்பர் 20-இல் அறிமுகமாகி, 21-இல் மக்களவையிலும் 23-இல் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி, 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டது. வேளாண் மசோதாக்கள் மீதான அமளியில் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதால் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளை அது. மாநிலங்களவையில் எதிர் வரிசைகள் காலியாகக் கிடந்தன. நிலைக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பியிருக்க வேண்டிய மசோதா பத்தே நாள்களுக்குள் சட்டமாகிவிட்டது. 2010-க்கும் 2019-க்கும் இடையே வெளிநாட்டு நன்கொடை வரத்து ஏறத்தாழ இரு மடங்கானது, 19,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவுகளை ரத்து செய்ய நேர்ந்தது என்று மசோதாவின் நோக்க விளக்கம் கூறியது.

நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. நாடெங்கும் உள்ள அமைப்புகள் தில்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையிலேயே கணக்குத் தொடங்க வேண்டும் என்றானது. மணிப்பூரின் மலைக் கிராமத்துச் சபைக்கும் அங்கேதான் கணக்கு. இவை சங்கடங்கள், சமாளிக்கக்கூடியவை. உயிர்நாடியைத் தொட்டது 7-ஆவது பிரிவின் மாற்றம். அதற்கு முன் வெளிநாட்டு நன்கொடையைப் பதிவு பெற்ற மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தர வழி இருந்தது. திருத்தத்துக்குப் பின் எவருக்கும் மாற்றித் தரக் கூடாது.

கிறிஸ்தவ நிவாரண அமைப்புகளின் கட்டுமானமே இந்த மாற்றித் தருதலின் மீது நின்றது. வெளிநாட்டிலிருந்து பெரிய அமைப்பு ஒன்று பணம் பெறும்; மாவட்ட அளவில் உள்ள சிறிய சங்கங்களும் சபைகளும் அதைச் செலவிடும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் தணிக்கையாளரை அமர்த்தவும் வசதியற்ற சிறிய சங்கத்துக்காகப் பெரிய அமைப்பு அதைச் செய்துகொடுக்கும். கண்காணிப்பும் அந்த வழியிலேயே நடந்தது. அந்த வாய்க்காலை ஒரே வெட்டில் அரசு துண்டித்தது. மதமாற்றம் செய்தவனின் வயலும் காய்ந்தது, செய்யாதவனின் வயலும் காய்ந்தது. கிறிஸ்தவ அமைப்புகள் மட்டுமல்ல, பெண்கள் நலம், சுற்றுச்சூழல், ஆராய்ச்சி எனப் பல துறைகளில் இயங்கிய மதச்சார்பற்ற அமைப்புகளும் இதே அடியைப் பட்டன.

உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரல் 8-இல் நீதிபதி ஏ.எம். கான்வில்கர் தலைமையிலான மூவர் அமர்வு, வெளிநாட்டு நன்கொடை பெறுவதை முழுமையான உரிமையாகக் கோர முடியாது என்று கூறித் திருத்தங்களை ஏற்றது. ஆதார் கட்டாயம் என்பதில் மட்டும் சிறிது தளர்வு. இந்தியக் குடிமக்கள் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கின் விசாரணையில், எந்தத் தொண்டும் வரவேற்கத்தக்கதே, ஆனால் அதன் நோக்கம் மதமாற்றமாக இருக்கக் கூடாது என்று நீதிபதி எம்.ஆர். ஷா அமர்வு வாய்மொழியாகக் குறிப்பிட்டது. நோக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்பதை அமர்வு விளக்கவில்லை.

அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டிக்கு 2021 கிறிஸ்துமஸ் நாளில் புதுப்பிப்பு மறுக்கப்பட்டதும், பாதகமான தகவல்கள் கிடைத்ததாக அமைச்சகம் சொன்னதும், ஒடிசா முதல்வர் நவீன் பட்நாயக் நிவாரண நிதியிலிருந்து 78 லட்சம் ரூபாய் ஒதுக்கியதும், 2022 ஜனவரி 7-இல் பதிவு திரும்பக் கிடைத்ததும் இரு வாரங்களுக்குள் நடந்து முடிந்தன. மறுக்க என்ன காரணம் இருந்தது, அது இரு வாரங்களில் எப்படி மறைந்தது என்பது விளக்கப்படவில்லை. உலகறிந்த பெயர் இருந்தால் இரு வாரங்கள். 2021 முடிவில் ஒரே மூச்சில் பதிவை இழந்த ஏறத்தாழ 6,000 அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2024 ஜனவரியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் பதிவும், ஏப்ரலில் மேலும் ஐந்து அமைப்புகளின் பதிவுகளும் ரத்தாயின. அந்த ஐந்தில் ஒன்று, பிரிவினை அகதிகளுக்கு உதவ 1947-இல் தோன்றி, பின்னர் புயல், நிலநடுக்கம், சுனாமி என ஒவ்வொரு பேரிடரிலும் களத்தில் நின்ற 'காசா' எனப்படும் திருச்சபைகளின் சமூக நடவடிக்கை அமைப்பு. இன்னொன்று, நிவாரண அமைப்பாக அன்றி சுவிசேஷத் திருச்சபைகளின் கூட்டமைப்பாக 1951 முதல் இயங்கிவரும் இந்திய சுவிசேஷ ஐக்கியம். நிவாரணம் தருவதே தொழிலான அமைப்புக்கும் சபைகளை ஒருங்கிணைப்பதே தொழிலான அமைப்புக்கும் ஒரே வேளையில் ஒரே முடிவு. இரண்டையும் பிரித்து வைத்திருந்தால் தப்பிக்கலாம் என்று நம்பிய திருச்சபை வட்டாரங்களுக்கு இது புதிய குழப்பம்.

பணத்துக்குப் போடப்பட்ட தடை ஆட்களுக்கும் உண்டு. மிஷனரிகளுக்கென்று தனி விசா வகை இருக்கிறது. அது எளிதில் கிடைப்பதில்லை. எனவே போதகர்களுக்கு ஒரு வாரம் வகுப்பெடுக்க வரும் வெளிநாட்டவர் சிலர் சுற்றுலா விசாவில் வந்துவிடுகின்றனர். 2022 அக்டோபரில் அசாமில் சமயக் கூட்டங்களில் பங்கேற்ற ஜெர்மானியர்களும் ஸ்வீடன் நாட்டவரும் இப்படிச் சிக்கினர். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்போரும் மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. விதி தெரிந்தே மீறுகிறவர்களுக்காகப் பரிந்து பேச எவராலும் இயலாது. இவர்கள் ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவர். அழைத்த உள்ளூர்ச் சபையின் ஊழியர்தான் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பதிவு ரத்தான அமைப்புகளைப் பொறுத்தவரை நீதிமன்றங்களில் அடுத்துப் பெரிதாக எழக்கூடிய பிரச்னை பணம் பற்றியது அன்று, கட்டடம் பற்றியது. 2010 சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, பதிவு ரத்தான அமைப்பு வெளிநாட்டு நன்கொடையில் உருவாக்கிய சொத்துகள் அரசு குறிப்பிடும் அதிகாரியின் வசம் செல்லும். முழுக்க வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மருத்துவமனை என்றால் விடை எளிது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் அப்படி இல்லை. நிலம் சபையாரின் காணிக்கையில் வாங்கியது. சுவர் வெளிநாட்டுப் பணம். கூரை மீண்டும் காணிக்கை. காலையில் அங்கே தையல் வகுப்பு, மாலையில் குழந்தைகளுக்குப் பாடம், சனிக்கிழமை ஊழியர் பயிற்சி, ஞாயிறு ஆராதனை. எந்தச் செங்கல் எந்த இனத்தில் வரும் என்று கேட்டால், பழைய படிவத்தின் பட்டியலிலும் அதற்கு விடை இல்லை.